பனி உருகாத கூரை

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று என்னுடையது, மற்றது ரோசாமெல் ஓயார்சூன் என்பவனுடையது. கட்டினவன் செலவை மிச்சம் பிடிக்க ஒரே தகரக் கூரையைப் போட்டு, நடுவில் ஒரு பலகைச் சுவரை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று விற்றுவிட்டுப் போய்விட்டான். பூமியின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஊர் கொய்யைக்கேயில் தெரு முழுக்க இப்படித்தான். அந்தச் சுவரை வைத்துக்கொண்டு நாங்கள் பதினோரு குளிர்காலம் இருந்தோம். அதில் பத்துக் குளிர்காலம் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பல வருஷம் கழித்து அவன் குடிவந்தான். வந்த முதல் வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் குடும்பப் பேரைச் சொல்லி, "சிகுவாய், உன் அடுப்புப் புகை சுவத்து வழியா வந்து என் சட்டையெல்லாம் நாறுது" என்றான். ஒரு வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் நாற்பது வருஷம் மரம் அறுத்தவன். லெங்கா மரத்தை எப்படி எரிப்பது என்று ஆட்டுக்கு மயிர் வெட்டுகிறவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப சட்டையக் கழட்டிட்டுத் திரி" என்றேன். அதோடு சரி.

அவன் என் சூட்டைத் திருடுகிறான் என்று இரண்டாவது வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூரையைப் பார்த்துத் தெரிந்தது. ஜூன் பிறந்தால் எங்களுக்குக் குளிர்காலம், தகரத்தின் மேல் உறைபனி உப்பு மாதிரி படிந்துவிடும். காலையில் வெளியே வந்து பார்த்தால் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று கூரையே சொல்லும். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம். என் பாதிக் கூரை எட்டு மணிக்கெல்லாம் கறுத்து, ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகும். உயிருள்ள வீடு. அவன் பாதி நடுப்பகல் வரை வெள்ளையாகக் கிடக்கும், பிணத்தின் மேல் போர்த்தின துணி மாதிரி. காலையில் ஒரு மணி நேரம் நூல் மாதிரி புகை வரும். பிறகு அதுவும் கிடையாது. ஆனால் அந்த ஆள் ஜன்னலுக்கு உள்ளே வெறும் சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு நிற்பான். நான் என் வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எரியாத வீட்டில் ஒருவன் சட்டையோடு எப்படி நிற்பான்? என் இரும்பு அடுப்பு நடுச்சுவரை ஒட்டித்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கட்டில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதெல்லாம் எனக்குப் பழகிப்போன எரிச்சல். போன வருஷம்தான் விஷயம் முற்றியது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் எங்கள் விறகு ஆகஸ்ட் கடைசியில் தீர்ந்துபோனது. முதலில் கோழிக்கூண்டை உடைத்து எரித்தேன். பிறகு வாசல் பெஞ்சு. பிறகு என் வீட்டுக்காரி ஓதிலியா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அம்மாவுடைய மரப்பெட்டியை எரித்தேன். பெட்டிக்குள் இருந்த துணிகளைக் கட்டில் மேல் ஒழுங்காக அடுக்கித்தான் வைத்தேன். அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அவள் கத்தவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கத்தினால் நானும் கத்தலாம். மார்ச் மாதம், நான் அந்த வருஷ விறகை இறக்கிக்கொண்டிருக்கும்போது வந்து நின்று சொன்னாள்:

"கேட்டுக்கோ கிழவா. செப்டம்பர் பதினெட்டு, சுதந்திர நாளுக்குக் கொடி ஏத்துற வரைக்கும் இந்த விறகு வரணும். வரலேன்னா நான் இர்மா வீட்டுக்கு ரன்காகுவாவுக்குப் போயிடுவேன். போனா வரமாட்டேன்."

"போயேன். அங்க மகள் வீட்ல உனக்கு என்ன, சிம்மாசனமா போட்டு வெச்சிருக்கா?"

"பெட்டியாவது எரிக்காம இருப்பா."

இர்மா எங்கள் ஒரே மகள். வடக்கே போனதிலிருந்து, அம்மாவை அனுப்பு, அம்மாவை அனுப்பு என்று ஒரே பாட்டு. என்னை யாரும் கூப்பிடவில்லை. அதையும் கவனித்தேன்.

நாற்பத்தாறு வருஷம் ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டவள். அவள் போனால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதை அவளிடம் சொல்லவில்லை. விறகை அடுக்கினேன்.

விறகை மிச்சம் பிடிப்பது எனக்குத் தெரியாத வேலை இல்லை. நான் ஈர விறகுதான் வாங்குவேன். காய்ந்த விறகு காகிதம் மாதிரி. போட்டதும் பொசுக்கென்று போய்விடும். ஈரக்கட்டை முணுமுணுத்துக்கொண்டு நாள் பூராவும் கிடக்கும். அதோடு அடுப்பின் அடியில் காற்று போகிற சின்னக் கதவை முக்கால்வாசி மூடிவிட்டால் தீ தூங்கும், செலவே இருக்காது. புகைக்குழாய் இணைப்பில் கொஞ்சம் கறுப்பாகத் தார் சொட்டும். அதற்கு ஒரு பால்மாவு டப்பாவைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். எங்கள் தெருவில் டப்பா தொங்காத வீடு குறைவு. ஓயார்சூன் நவம்பரிலேயே விறகை வாங்கி, வெங்காயம் காய வைப்பது மாதிரி ஒரு வருஷம் கொட்டகைக்குள் காற்றாட வைப்பான். எரிக்கும் முன் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டி, 'டிங்' என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பான். பைத்தியக்காரன்.

ஜூலை நடுவில் ஒரு காலை. பத்து வருஷத்துக்குப் பிறகு நான்தான் வாயைத் திறந்தேன். என் குவியல் பாதிக்கு இறங்கியிருந்தது. பதினெட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. வேலியோரம் வந்தால் அவன் கூரை வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, அவன் சட்டையோடு நின்று சூடான மாத்தே இலைச்சாற்றைக் குழாயில் உறிஞ்சுகிறான்.

"யோவ் ஓயார்சூன்! உன் கூரையைப் பாத்தியா? அடுப்பு செத்துப் போச்சா? எப்ப அடக்கம்?"

அவன் குழாயை வாயிலிருந்து எடுக்காமலே என் கூரையைப் பார்த்தான். "உன்னுது என்ன, ஒழுகுது? அழுவுதா?"

"வேர்க்குது. உள்ள சூடு இருந்தா வேர்க்கும்."

"அப்ப நீ ஏன் ரெண்டு ஸ்வெட்டர்ல நிக்கிற?"

"என் சூட்ட நீ குடிச்சா நான் ஸ்வெட்டர்தான் போடணும். சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் கட்டில் கெடக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"என் கட்டில் எங்க கெடக்குன்னு நீ ஏன்யா யோசிக்கிற? இந்த வயசுல வெக்கமா இல்ல?"

துணிக்கொடி பக்கம் இருந்து ஓதிலியா சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

"உன்ன உறைய வெக்கிறேன் பாரு" என்றேன்.

"வெய்யி. மாத்தே ஆறுது, நான் வர்றேன்" என்று உள்ளே போய்விட்டான்.

மறுநாளே அடுப்பை நகர்த்தினேன். நடுச்சுவரிலிருந்து எடுத்து, சமையலறையின் அந்தக் கோடிக்கு, வெளிச்சுவரை ஒட்டி. இருநூறு கிலோ இரும்பு. உருளைக்கட்டை வைத்து நான் ஒருத்தனே தள்ளினேன். எழுபத்து மூன்று வயது. யாரிடமும் உதவி கேட்கவில்லை.

ஓதிலியா கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கூரையில ஓட்டை அங்க இருக்கு, அடுப்பு இங்க இருக்கு. புகை எப்படிப் போகும்? நடந்தா?"

"குழாய நீட்டுவேன்."

"வெளிச்சுவரு ஒத்தப் பலகை. சூடெல்லாம் ரோட்டுக்குப் போகும்."

"ரோட்டுக்குப் போனாலும் போகட்டும். அவனுக்குப் போகாது."

தகரத்தில் புதிதாக ஓட்டை போட்டால் மழை இறங்கும் என்று பழைய ஓட்டையையே வைத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து குழாய் மேலே ஏறி, ஒரு எல்போவில் திரும்பி, சமையலறை முழுவதையும் கிடையாகக் கடந்து, இன்னொரு எல்போவில் திரும்பி, பழைய ஓட்டை வழியாக வெளியே போனது. துணி காயப்போட நல்ல வசதி என்று நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு எல்போவுக்கும் இரண்டு டப்பா கட்டினேன்.

பிறகு காத்திருந்தேன். தினமும் நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்பேன். பல் தந்தியடிக்கும், கட்டிலை இழுப்பான், இருமுவான் என்று. முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் சீட்டி. மூன்றாவது வாரம் அவன் ஏதோ வால்ஸ் பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சீட்டியடித்தான், எனக்காகவே அடித்த மாதிரி. ஜன்னலில் பார்த்தால் அதே சட்டை. அதே மடித்துவிட்ட கை.

எங்கள் பக்கம்தான் உறைந்தது. அடுப்பு முன்பு இருந்த இடத்தை ஒட்டித்தான் எங்கள் படுக்கையறை. அங்கே இப்போது மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. குளியலறைக் குழாய் உறைந்து வெடித்தது. நான் அதிகமாகக் கட்டை போட்டேன். வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு முதுகு சில்லென்று இருந்தது. கூரை மட்டும் ஏழு மணிக்கே உருகியது. அதைப் பார்த்து அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் பத்து வாக்கில் ஒரு நாள் பின்மதியம் ஓதிலியாவைக் காணோம். பின்னல் கூடையும் இல்லை. வெளியே வந்து பார்த்தேன். அவள் ஓயார்சூன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வருகிறாள். கன்னம் சிவந்திருந்தது.

"எங்க போன?"

"கதகதப்பா இருக்கிற எடத்துக்கு."

"அவன் வீட்டுக்கா? அந்தத் திருடன் வீட்டுக்கா?"

"அவரு அக்கா வந்திருக்கு வால்மசேதாவுலேந்து. கூப்புட்டுச்சு, போனேன். ஸ்வெட்டரக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டுப் பின்னுனேன், தெரியுமா? ஸ்வெட்டரக் கழட்டி."

"எத்தன கட்ட போட்டான்?"

"காலைல மூணு. மத்தியானம் ஒண்ணு. மெல்லிசா, என் கை மாதிரி."

"பொய். நாலு கட்டையில ஒரு வீடு சூடாகாது."

"நீயே போயி எண்ணு."

"துரோகி" என்றேன்.

"பெட்டி எரிச்சவன் பேசுறான்" என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பெட்டியை அவள் சாகும்வரை விடமாட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் போனாள். நான் உள்ளே தனியாக, காற்றுக்கதவை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூடிக்கொண்டே வந்தேன். டப்பாக்களில் தார் நிறைந்தது. வீட்டில் பன்றிக்கறி புகைபோட்ட நாற்றம். ஆகஸ்ட் இருபத்தைந்து அன்றைக்குக் கொட்டகையில் பார்த்தேன். குவியல் என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. பதினெட்டுக்கு மூன்று வாரத்துக்கு மேல். திரும்பினால் அவள் எனக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே போய் அலமாரி மேலிருந்த சூட்கேஸை இறக்கிக் கட்டில் மேல் வைத்தாள். இர்மா டிக்கெட்டை எப்போதோ அனுப்பிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் செய்த வேலை.

"இன்னிக்கே போறியா?"

"வியாழக்கெழம."

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் விறகு இருக்கு."

"பத்து நாளைக்கு இருக்கு. அப்புறம் எதை எரிப்ப? என்னையா?"

எனக்குத் தலைக்கு ஏறியது. இந்த வீடு சூடாக இருக்க முடியும் என்று இவளுக்குக் காட்டுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. கொட்டகையில் பழைய ஜன்னல் சட்டம் ஒன்று கிடந்தது, பத்து வருஷம் காய்ந்த மரம். உடைத்து மொத்தத்தையும் உள்ளே திணித்தேன். காற்றுக்கதவைக் குளிர்காலம் முழுக்கத் திறக்காத அளவுக்கு முழுசாகத் திறந்துவிட்டேன்.

அடுப்பு எழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் அழகாக இருந்தது. ஓதிலியாவே திரும்பிப் பார்த்தாள். பிறகு குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மேட்டில் லாரி ஏறுகிற மாதிரி உறுமல். முதல் எல்போ சிவந்தது. சிவப்பு அப்படியே கிடைக்குழாயில் நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். டப்பா தானே தீப்பிடித்துக் கீழே விழுந்தது. குழாய்க்குள் ஒட்டியிருந்த தார் மொத்தமும் எரிகிறது.

"வெளிய வா கிழவா!" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. எதைச் செய்வது என்று தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினால் இரும்பு பிளந்துவிடும்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவன் ஓயார்சூன். பத்து வருஷத்தில் முதல் தடவை என் வீட்டுக்குள் கால் வைக்கிறான். கையில் கல்லுப்பு மூட்டை. என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, காலாலேயே காற்றுக்கதவை அடைத்து, அடுப்பு வாயைத் திறந்து, குழாய்த் தீ அடங்க உப்பை வாரி வாரி உள்ளே போட்டான்.

"என் வீட்ல உனக்கு என்னய்யா வேல?" என்று கேட்டேன்.

"கூரை எனக்கும் பாதி, கழுதை! தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. பக்கெட்டத் தூக்கு!"

தூக்கினேன். அவன் சொன்னதற்காக இல்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து சேர்வதற்குள் குழாயின் உறுமல் அடங்கிவிட்டது. ஆனால் கூரை ஓட்டையைச் சுற்றிப் பரண் பலகை பற்றியிருந்தது. அவர்கள் ஏணி போட்டு மேலே ஏறி, கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். தலைவி நோல்ஃபா என்று ஒரு பெண், மற்ற நேரம் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். கரி பிடித்த முகத்தோடு கீழே எட்டிப் பார்த்து, "தோன் அர்சேனியோ, கொஞ்சம் மேல வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அபராதம் எழுதத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பரணுக்குள் தலையை விட்டேன். அந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்திருக்கிறேன், அங்கே ஏறிப் பார்த்தது வாங்கினபோது ஒரு தரம்தான். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, பரண் ஒன்றேதான் என்பதை மறந்தே போயிருந்தேன்.

அவள் விளக்கை என் பக்கம் அடித்தாள். வெறும் பலகை. நடுநடுவே மக்கிய செய்தித்தாள். தகரத்து ஆணி ஓட்டைகளில் வானம் தெரிந்தது.

"கீழ நீங்க போட்ட சூடு இந்தப் பலகை சந்து வழியா ஏறி, தகரத்துல பட்டு, வெளிய போயிருக்கு. அதான் உங்க கூரை சீக்கிரம் உருகும். இத்தன வருஷமா வானத்துக்கு அடுப்பு போட்டிருக்கீங்க."

"யாரு கேட்டா உன்ன?" என்றேன்.

"யாரும் கேக்கல" என்று சொல்லி விளக்கைத் திருப்பினாள்.

அந்தப் பக்கம் பார்த்தேன். ஆட்டு ரோமம். கழுவின ரோமம், கம்பளமாக, ஒரு முழம் தடிமனில், ஓயார்சூனுடைய பாதிப் பரண் முழுக்க மூலை விடாமல் பரப்பியிருந்தது. எல்லையில், நடுச்சுவருக்கு மேலே, ரோமம் அடைத்த சாக்குகளை ஆள் உயரத்துக்குச் சுவராக அடுக்கியிருந்தான். என் பக்கத்துத் தீ அந்தச் சாக்குச் சுவர் வரைக்கும் வந்திருக்கிறது. சாக்கு கருகி, ரோமம் பொசுங்கி, அங்கேயே அணைந்திருக்கிறது.

"ரோமம் பத்திக்கிட்டு எரியாது, கருகி நின்னுரும்" என்றாள் அவள். "இது மட்டும் இல்லேன்னா ரெண்டு வீடும் போயிருக்கும். நடுச்சுவத்துலயும் அவர் பக்கம் பூரா இதத்தான் அடைச்சு மேல பலகை அடிச்சிருக்காரு. உள்ள இருக்கிற சூடு வெளிய போகாது, வெளிய இருக்கிறது உள்ள வராது. அதான் அவரு கூரைல பனி உருகுறதில்ல."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் தீப்பிடித்தபோது வராத கோபம் அப்போது வந்தது. ஏணியில் இறங்கி நேராக அவனிடம் போனேன். அவன் என் வாசலில் காலி உப்பு மூட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"நடுச்சுவத்துல எப்ப அடைச்ச?"

"வந்த முதல் வருஷம்."

"முதல் வருஷமேவா?"

"உன் புகை நாத்தம் வரக்கூடாதுன்னு. கேட்டேன், சட்டையக் கழட்டுன்ன. அடைச்சிட்டேன்."

"அப்ப பதினோரு வருஷமா என் சூடு..."

"ஒரு சொட்டு வரல. வந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன்."

திருடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பத்து வருஷம் ஒருவனைத் திருடன் என்று திட்டியிருக்கிறேன். அவனைக் குளிர வைக்க வேண்டும் என்று என் வீட்டையே குளிர வைத்திருக்கிறேன். அவனுக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

நோல்ஃபா அடுப்பு வாயில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினாள். குழாய் நேராகவும் புதிதாகவும் ஆகும்வரை பற்றவைக்கக்கூடாது. அடுப்பு பழைய இடத்துக்கே, ஓட்டைக்கு நேர் கீழே போக வேண்டும். நான் தாளைக் கிழிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஓதிலியா சூட்கேஸில் பூட்டைப் போடும் சத்தம் கேட்டது. வியாழனுக்கு இரண்டு நாள் இருந்தது.

யாருக்கும் இதைச் சொல்ல எனக்கு ஆசையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் வேலியோரம் போய் நின்றேன்.

"ஓயார்சூன்."

"என்ன?"

"உன் கொட்டகையில ரோமம் மிச்சம் இருக்குன்னு கேள்வி."

"இருக்கு. பதினாலு சாக்கு. கால் ரோமம், வயித்து ரோமம். ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"அத என்ன பண்ணப் போற?"

"நாய்க்கு மெத்த தைக்கலாம்னு இருக்கேன்."

"உன்கிட்ட நாய் இல்லியே."

"வாங்குவேன்."

நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை நிற்க வைத்தான். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன்.

"அவ வியாழக்கெழம போறா" என்றேன்.

"தெரியும். எங்க அக்காகிட்ட சொல்லிட்டு அழுதுச்சு."

"என்கிட்ட அழல."

"உன்கிட்ட அழுதா நீ காத்துக்கதவ மூடுவ." அவன் கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்தான். "எடுத்துக்க. ஆனா ஒண்ணு. இனிமே ஈர விறகு வாங்குனேன்னு தெரிஞ்சா, கதவ மூடித் தார் காச்சுனேன்னு நாத்தம் வந்தா, உன் கூரைல ஏறிக் குழாய்க்குள்ள கல்லப் போடுவேன்."

"போட்டுப் பாரு."

"போடுவேன்யா. நீயே தூக்கிக்க, நான் ஒத்தாசைக்கு வரமாட்டேன்."

வரவும் இல்லை. பதினாலு சாக்கையும் நானே ஏற்றினேன். அவன் என் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு, பரணுக்குக் கீழே நின்று, "மூலைய விட்டுட்ட. குழாய்கிட்ட ஒரு சாண் எடம் விடு. தகரம் சுத்து. தடிமனா போடுய்யா, பிச்சைக்காரன் ரொட்டிக்கு வெண்ண தடவுற மாதிரி தடவுற" என்று இரண்டு நாளும் கத்திக்கொண்டிருந்தான். நான் மேலிருந்து திட்டினேன். ஓதிலியா எங்கள் இருவருக்கும் நடுவில் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அடுப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளும்போது மட்டும் அவன் ஒரு கை கொடுத்தான். அதுவும் என் முதுகு முறிந்து அங்கேயே செத்துவிட்டால் பிண நாற்றம் சுவர் வழியாக வரும் என்றான்.

வியாழக்கிழமை காலை புதுக்குழாயைப் பார்த்துவிட்டு நோல்ஃபா சிவப்புத் தாளைக் கிழித்தாள். மூன்று கட்டை போட்டேன். அவன் கொட்டகையிலிருந்து எறிந்த காய்ந்த கட்டைகள். பதிலுக்கு என் ஈரக்குவியலிலிருந்து இரண்டு மடங்கு அவன் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனான், அடுத்த வருஷத்துக்குக் காயட்டும் என்று. ஓதிலியா கோட்டை மாட்டிக்கொண்டு சூட்கேஸ் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டைக் கழற்றினாள். இன்னொரு அரை மணி கழித்து ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நிலையத்துக்குப் போக வேண்டிய நேரம் வந்தது, போனது. நான் அவளைப் பார்க்கவே இல்லை, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினெட்டு வரைக்கும் பாப்பேன்" என்றாள். "டிக்கெட்டத் தேதி மாத்தலாமாம்."

சூட்கேஸ் அப்படியே கட்டிலடியில் கிடந்தது. தினமும் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

பதினெட்டாம் தேதி காலை எட்டரை மணிக்குக் கொடிக்கம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெரு முழுக்கக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. இரவு நல்ல உறைபனி. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பதினொரு கட்டை மிச்சம் இருந்தது. எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன், யாரும் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று. அந்த ஓயார்சூன் செய்யக்கூடியவன்.

பிறகு தலையைத் தூக்கினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூரை ஒரே வெள்ளை. எது என் பாதி, எது அவன் பாதி என்று தெரியவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தன் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். ஜூலையிலிருந்து இதற்காகவே காத்திருந்திருக்கிறான்.

"யோவ் சிகுவாய்! அடுப்பு செத்துப் போச்சா? எப்ப அடக்கம்?"

எனக்குப் பதில் வருவதற்குள் என் வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஜன்னலில் பார்த்தேன். வெறும் சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஓதிலியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அடுப்போரத்தில் அந்தச் சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தது. துணி ஒன்றும் இல்லை. உள்ளே அடுப்புப் பற்றவைக்கச் சிராய் அடுக்கியிருந்தாள்.

"உன் வேலையப் பாருய்யா" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கொடியை ஏற்றினேன்.